பொத்தான் தைக்க எங்களிடம் வரவேண்டாம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து மூன்று வேலைகளை எங்கள் கடையில் எடுக்க மாட்டோம்: கழன்ற பொத்தான், பிரிந்த மூட்டு, அவிழ்ந்த கீழ்மடிப்பு. இந்த அறிவித்தலை வாசலில் ஒட்டியதிலிருந்து "கடையைப் பூட்டப் போறீங்களோ?" என்று கேட்காத ஆளில்லை. பூட்டவில்லை. வெள்ளவத்தையில், இதே ஒழுங்கையில்தான் இருப்போம். வேலையைக் குறைத்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆள் போதாது. எங்களோடு இருந்த ரெய்லர் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரத்திலும் ஆடிவேல், தீபாவளி நாட்களிலும் கல்யாண பிளவுஸும் சேட் பொத்தானும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஐந்து நிமிட வேலைக்கு நீங்கள் ஒரு கிழமை காத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, காசு. நூல், சிப், இலாஸ்டிக், ஊசி என்று நாங்கள் வாங்குகிற சாமான் பெரும்பாலும் இறக்குமதி. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 350 ஐத் தாண்டியபோது எல்லாம் ஏறியது. வற் வரியும் அதே ஆண்டில் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, பிறகு 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. நாங்களும் கூலியைக் கூட்டினோம். இப்போது கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் ஒரு பொத்தானுக்காக இங்கே வந்து போனால், முச்சக்கரவண்டிக் காசில் ஒரு பெட்டி பொத்தான் வாங்கலாம். அதனால் "பிறகு பார்ப்போம்" என்று உடுப்பு அலுமாரிக்குள் போய்விடுகிறது. அல்லது அந்தச் சின்னக் கிழிசலோடேயே உடுத்தி, துவைத்து, பிழிந்து, கடைசியில் எங்கள் மேசைக்கு வரும்போது எங்களாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. அதைவிட நீங்களே வீட்டில் தைப்பது நல்லது. எதை, எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு கிழிசலைப் பார்த்ததும் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: போனது நூலா, துணியா? யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மூட்டு மட்டும் பிளந்து, இரண்டு பக்கமும் துணி கெட்டியாக இருந்தால் போனது நூல். அதை யாரும் தைக்கலாம். கிழிசலைச் சுற்றித் துணி சல்லடையாகி வெளிச்சம் விட்டால் போனது துணி. அங்கே நெருக்கி நெருக்கித் தைத்தால் தையலுக்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும். ஊசித்துளை கூடக் கூடத் துணிக்கு இருக்கிற பலமும் குறையும். அதற்கு வேண்டியது ஒட்டு, அதாவது அடியில் வைத்துத் தைக்கிற வேறு துணித்துண்டு.

நூல் போன வேலைகளை முதலில் பார்ப்போம். வீட்டில் பழைய நூற்கட்டை இருந்தால் ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் பல வருடம் கிடந்த கொட்டன் நூல் தொட்டதும் அறும். அதால் தைத்தால் அடுத்த மாதமே திரும்பத் தைக்க வேண்டும். சாதாரண பொலியெஸ்டர் நூல் போதும். ஊசியையும் பாருங்கள். கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இங்கே இரும்பு எதுவும் துருப்பிடிக்காமல் இருக்காது. துரு ஊசி துணியில் கறையை விடும். வெள்ளைக் கொட்டனில் அந்தக் கறை விழுந்தால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பிறகு நன்றாக அலசுங்கள். பிளீச் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், துருக்கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

பொத்தான் தைக்கும்போது பலர் துணியோடு ஒட்ட இறுக்கித் தைக்கிறார்கள். பூட்டும்போது துணி உள்ளே போக இடம் இல்லாமல், இழுத்து இழுத்து நூல் அறுகிறது. பொத்தானின் மேலே, துளைகளுக்கு நடுவில் ஒரு நெருப்புக்குச்சியை வைத்து அதன் மேலாகத் தையுங்கள். பிறகு குச்சியை உருவி, பொத்தானை மேலே தூக்கி, அடியில் இருக்கிற நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பொத்தான் துணியையும் பிய்த்துக்கொண்டு போயிருந்தால், பின்புறம் ஒரு சின்னத் துண்டுத் துணி வைத்து அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும்.

பிரிந்த மூட்டுக்குப் பின்தையல்தான்: ஒவ்வொரு தரமும் ஊசியைக் கொஞ்சம் பின்னுக்குக் குத்தி முன்னே எடுக்கிற தையல். பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படித்தவர்களுக்குக் கை மறந்திருக்காது. பிரிந்த இடத்தில் தொடங்கிப் பிரிந்த இடத்தில் முடிக்காமல், இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் பழைய தையலின் மேலாகவும் ஓடுங்கள். ஓரத்து நூல்தான் அடுத்து அறுகிற நூல். நீளக் காற்சட்டையின் கவட்டு மூட்டு என்றால் இரண்டு வரி. இதெல்லாம் பெண்களின் வேலை என்று சில வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். எங்கள் கடையில் தைக்கிறவர்கள் எல்லோரும் ஆண்கள், அவர்களிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

கீழ்மடிப்பில் பணம் மிச்சம் பிடிக்கிற இடம் சீருடை. பிள்ளை வளரும், துணி வளராது. புதுச்சீருடை தைக்கக் கொடுக்கும்போதே, எங்களிடமோ வேறு எங்கேயோ, கீழே மூன்று அங்குலம் மடித்து வைக்கச் சொல்லுங்கள். கொட்டன் கலந்த துணி என்றால் வெட்டுவதற்கு முன் ஒருதரம் நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கும். மடிப்பை இறக்கினால் பழைய மடிப்பின் கோடு தெரியும். தண்ணீரோடு கொஞ்சம் வெள்ளை வினாகிரி கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து கோட்டின் மேல் போட்டு அயன் பண்ணினால் மடிப்பின் தடம் போகும். ஆனால் நிறம் போன கோடு போகாது. வெள்ளைக் கவுணில் இது பெரிய விஷயமில்லை. நீலக் கட்டைக் காற்சட்டையில் கோடு தெரிந்தால், அதே நீல நூலால் கோட்டின் மேலேயே ஒரு வரி தைத்துவிடுங்கள். வேண்டுமென்று போட்ட தையல் மாதிரி இருக்கும்.

இனி துணி போன வேலைகள். இங்கே எங்களுக்குச் சொல்ல நிறைய உண்டு.

ஒட்டுக்குப் புதுத்துணி எடுக்காதீர்கள். புதுத்துணி சுருங்கிப் பழைய துணியை இழுத்துக் கிழிக்கும், நிறமும் தனியாகத் தெரியும். வெள்ளைச் சீருடைக்கு ஒட்டு வேண்டுமானால் போன வருடத்து வெள்ளைச் சீருடையிலிருந்து வெட்டுங்கள், அதுவும் அத்தனை தரம் துவைத்த வெள்ளை. அப்படி ஒன்று இல்லாவிட்டால் அதே உடுப்பின் கீழ்மடிப்புக்குள்ளிருந்தோ பொக்கெட்டின் உள்பக்கத்திலிருந்தோ கொஞ்சம் எடுக்கலாம்.

ஜீன்ஸ் பெரும்பாலும் தொடை உரசுகிற இடத்தில்தான் போகிறது. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் வெள்ளை. நீலம் தேய்ந்து குறுக்கே வெள்ளை நூல் மட்டும் தெரியத் தொடங்கும்போதே ஒட்டுப் போட்டுவிட வேண்டும். ஓட்டை விழுந்த பிறகு போடுகிற ஒட்டுக்கு இரண்டு மடங்கு வேலை. பழைய ஜீன்ஸின் கீழ்க்காலிலிருந்து ஒரு துண்டு எடுங்கள், அது அவ்வளவு தேய்ந்திருக்காது. தேய்ந்த இடத்தைத் தாண்டி நல்ல துணிவரை எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் மிஞ்சியிருக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் எழும்பும். உள்ளே வைத்து, அரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் வரிவரியாக நூலோட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். ஒவ்வொரு வரி முடிவிலும் நூலை இறுக்காமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் துணி சுருக்கிப் பிடித்துத் தொடையில் உரசும். அயன் பண்ணி ஒட்டுகிற ஒட்டுகளும் கடையில் உண்டு. நாங்களும் விற்கிறோம். ஆனால் அவற்றை ஒட்டிவிட்டுச் சுற்றிவரத் தைக்காவிட்டால் சில சலவைகளில் கழன்று வந்துவிடும், சொல்லிவிட்டோம்.

வேலைக்குப் போகிறவர்களின் சேட்டில் முதலில் போவது கொலரின் மடிப்பு. மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும். கொலரை அது நிற்கிற கழுத்துப் பட்டியிலிருந்து பிரித்து, அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, திரும்ப அதே இடத்தில் தைத்தால் சேட்டுக்கு இன்னும் சில வருடம் ஆயுள். பிரிப்பதுதான் வேலை, பொறுமை இருந்தால் வீட்டிலேயே முடியும். பிரிக்கும்போது கொலரின் நடுவையும் பட்டியின் நடுவையும் ஒரு சின்ன வர்ண நூலால் குறித்துக்கொள்ளுங்கள். கொலர் நுனியில் பொத்தான் உள்ள சேட்டையும், கொலருக்கு அடியில் பிளாஸ்டிக் தகடு செருகுகிற துளை உள்ள சேட்டையும் இப்படித் திருப்ப முடியாது. திருப்பினால் துளை வெளியே தெரியும்.

படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் மெலிகிறது. நீளவாக்கில் நடுவால் இரண்டாக வெட்டி, தேயாத வெளிக்கரைகள் இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைத்து, மெலிந்த பக்கங்களை ஓரமாக்கி மடித்துவிடுங்கள். நடுவில் ஒரு மூட்டு இருக்கும், ஆனால் கரை தட்டையாக இருப்பதால் உறுத்தாது. அப்பம்மாமார் காலத்து வேலை இது, இப்போது செய்வாரைக் காணவில்லை. இன்றைய பெட்சீட் விலைக்கு மறுபடி தொடங்கலாம்.

ரி-சேர்ட், லெக்கின்ஸ் மாதிரிப் பின்னல் துணிகளுக்குச் சட்டம் வேறு. சாதாரண ஊசி அதன் இழையை அறுத்துவிடும், பிறகு துளையிலிருந்து ஏணி இறங்குவதுபோல் கழரும். முனை உருண்ட ஊசி வேண்டும். மெஷினில் நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும், நூல் இழுபடாது, பட்டென்று அறும். வளைந்து வளைந்து போகிற தையலைப் போடுங்கள். இலாஸ்டிக் தன்மையே போய்த் தொங்குகிற லெக்கின்ஸுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. இடுப்பு இலாஸ்டிக்கை மாற்றலாம், துணிக்குள் இருக்கிற இழையை மாற்ற முடியாது. கறுப்புப் பூஞ்சணப் புள்ளி விழுந்து நைந்த துணியும் அப்படித்தான். மே மாத மழை தொடங்குமுன் அலுமாரியை ஒருதரம் வெயில் காட்டினால் இந்த நட்டம் குறையும்.

பழைய உடுப்பை வேறொன்றாக மாற்றுவதைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. கைபேசியில் வீடியோ பார்த்துவிட்டுப் பழைய சாறியைக் கவுணாக்க வருகிறவர்கள் லேஸ், லைனிங், சிப், கூலி என்று கணக்குப் போட்டால் புறக்கோட்டையில் புதுக்கவுணே வாங்கிவிடலாம். லேஸ் விற்கிற நாங்களே சொல்கிறோம். எதுவும் புதிதாக வாங்காமல் செய்ய முடிந்தால்தான் அது மிச்சம். கொட்டன் சாறி ஐந்தரை மீற்றர், அதில் நேராக வெட்டி நேராகத் தைக்கிற யன்னல் திரைச்சீலையும் தலையணை உறையும் நன்றாக வரும். மருதமுனைக் கைத்தறிச் சாறம் நைந்த பிறகும் அங்கங்கே உறுதியாக இருக்கும், அந்தத் துண்டுகள் குழந்தைக்கு விரிக்க நல்லது. காற்சட்டையின் ஒரு காலை வெட்டி, ஒரு பக்கத்தை மூடித் தைத்து, மற்றக் காலிலிருந்து பிடி எடுத்தால் ஒரு பை. 2025 நவம்பரிலிருந்து கடைகளில் பிடி வைத்த ஷொப்பிங் பைக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பதால், எங்களிடம் அதிகம் கேட்கப்படுகிற மாற்றம் இதுதான். மடிப்பில் வெடித்த பட்டுச் சாறியைத் தைக்க முயல வேண்டாம், அங்கே போனது பட்டு. கரையும் முந்தானையும் நன்றாக இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துக் குஷன் உறைக்கோ வேறு சாறிக்கோ வைக்கலாம்.

எங்களிடம் கொண்டுவர வேண்டியவை இவை: ஜீன்ஸ் சிப், கோட்டு, லைனிங் உள்ள உடுப்பு, பிளவுஸ் பிரித்துப் பெருப்பித்தல், பட்டுச் சாறிக்கு ஃபோல் மாற்றுதல், கொலர் திருப்பப் பொறுமையில்லாதவர்களின் சேட். இவற்றை இனி மூன்று நாளில் தர முடியும்.

வீட்டு வேலைக்கு வேண்டியவற்றைச் சில்லறையாகவும் தருவோம். ஒரே ஒரு ஊசி என்றாலும் வாங்கலாம், முனை உருண்டதும் உண்டு. ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள் நிறை போட்டுத் தருகிறோம், ஆனால் ஒட்டுக்கு எடுத்தால் முதலில் துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டு மெஷினுக்கு ஊசி வாங்க வரும்போது பழைய ஊசியையும் கொண்டு வாருங்கள், தண்டின் தட்டைப் பக்கம் பார்த்துச் சரியானதைத் தருவோம். சேட்டுக்கும் பிளவுஸுக்கும் 11 அல்லது 14, ஜீன்ஸுக்கு 16. தையல் விட்டுவிட்டு விழுந்தால் மெஷினைத் திருத்தக் கொடுக்கும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் அதோடு சரியாகிவிடும்.

சனிக்கிழமைகளில் பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை ஒரு மேசையை வாடிக்கையாளர்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். கிழிந்த உடுப்போடு வந்தால் பக்கத்தில் இருந்து காட்டித் தருவோம், அதற்குக் காசில்லை. போயா நாளில் கடை பூட்டு. அப்புறம் ஒரு வேண்டுகோள்: எதைக் கொண்டு வந்தாலும் துவைத்து, நன்றாகக் காயவைத்துக் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தையற்கடையினர்
வெள்ளவத்தை, கொழும்பு 06