விரல் கட்டுக்கு உண்மையான காரணம்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் வீடியோ காலில் என் விரலில் இருந்த கட்டைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். கதவில் நசுங்கியது என்றேன். பக்கத்தில் அம்மா இருந்ததால் சொன்ன பொய் அது. காரின் முன்பக்க ஸ்ட்ரட் (சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்), அதைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் இரண்டையும் வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். அதில்தான் அடிபட்டது.

திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். இந்த நாட்டில் பொருளைவிட ஆள் கூலிதான் அதிகம். வந்த புதிதில் எனக்குப் புரியவே இல்லை, ஆபீசில் பெரிய வேலையில் இருப்பவர்கள்கூட விடுமுறை நாளில் ஏன் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார்கள் என்று. முதல் பில் வந்ததும் புரிந்துவிட்டது.

இன்னொன்று, இங்கே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் வண்டியின் அடிப்பாகம் முழுக்கத் தெறிக்கும். ஸ்பிரிங்கில் பெயின்ட் உரிந்த இடமெல்லாம் துரு ஏறும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் 'டங்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் இடது ஸ்பிரிங்கின் அடிச்சுற்று முறிந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய்க் கசிவு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் தூக்கலாக நிற்கும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் வாங்கினேன்.

முதல் நாள் இரவே துருப்பிடித்த நட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். காலையில் சக்கர நட்டுகளைத் தரையிலேயே லேசாகத் தளர்த்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடவில்லை. நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதானே.

என்னை அழ வைத்தது லிங்க் ராடு, அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியை ஸ்ட்ரட்டோடு இணைக்கும் சின்னத் தண்டு. நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் போல்ட்டும் சேர்ந்தே சுற்றுகிறது. அதன் நுனியில் ஆலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். துரு அதையும் தின்றிருந்தது. வேகமாக ஓர் இழுப்பு இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கியது. என் விரல் பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் போய் மோதியது. அவ்வளவுதான், ஸ்பிரிங் தெறித்து அடிபட்டதல்ல. அதை நினைத்துத்தானே பயப்படுவீர்கள்?

அப்புறம் பிரேக் ஹோசையும் ஏபிஎஸ் வயரையும் கிளிப்பிலிருந்து விடுவித்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளின் இருப்பிடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுக் கழற்றினேன். அந்த இடத்தில் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். சாய்ந்தால் ஹோசும் டிரைவ் ஷாஃப்ட்டும் இழுபடும் என்று கம்பி போட்டுக் கட்டி வைத்தேன். பானெட்டுக்குள் ஸ்ட்ரட்டின் தலையைப் பிடித்திருப்பவை மூன்று நட்டுகள், அவற்றைக் கழற்றினால் ஸ்ட்ரட் வெளியே வந்துவிடும். அவற்றின் நடுவில் தனியாக இருக்கும் நட்டை மட்டும் வண்டியில் இருக்கும்போது தொடவே கூடாது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பதே அதுதான்.

வண்டி 1,300 கிலோ. என்ஜின் முன்னால் இருப்பதால் அதில் பாதிக்கு மேல் முன்பக்கத்தில்தான். அப்படியென்றால் ஒரு முன் ஸ்பிரிங் தாங்குவது 300 கிலோவுக்கு மேல். அதை அமுக்கி, கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கூட வேலை செய்பவரிடம் இரவல் வாங்கிய, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியான கம்ப்ரஸர் இரண்டையும் எதிரெதிராக மாட்டி, இதில் இரண்டு சுற்று, அதில் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் ஏறினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கியிலிருந்து நழுவிவிடும். ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தை வைக்கவில்லை, ஸ்ட்ரட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு லேசாக ஆடத் தொடங்கிய பிறகுதான் நடு நட்டில் கை வைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஸ்பிரிங், மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை வண்டியோடு பிடிக்கும் பாகம்) எல்லாம் சேர்த்தே மாட்டி வரும் ஸ்ட்ரட்டும் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்குவேன்.

பழைய ஷாக்கின் ராடை அமுக்கினேன், அமுக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. புதியது கேஸ் நிரப்பியது. அமுக்கிவிட்டால் மெதுவாகத் தானே மேலே வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இத்தனை நாள் எதன் மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாகிவிட்டது. மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் கட்டை), தூசு உறை எல்லாமே புதிதாகப் போட்டேன்.

ஒரு தப்பும் செய்தேன். கீழ்த் தட்டில் ஸ்பிரிங்கின் முனை வந்து முட்டி நிற்க ஒரு படி இருக்கும். முனை அதிலிருந்து விலகி இருந்ததைக் கவனிக்கவில்லை. எல்லாம் மாட்டி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொக்' என்கிறது. திரும்பவும் கழற்றி, அமுக்கி, சரியாக உட்கார வைத்தேன். அதனால் இடது பக்கத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனது, வலது பக்கம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

கடைசியில் எல்லா நட்டுகளையும் கம்பெனி மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். பெயின்ட் குறிப்படி மாட்டியும் ஸ்டீயரிங் கொஞ்சம் கோணலாகவே நின்றது. மறுநாள் மெதுவாக ஓட்டிப்போய் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்து வந்துவிட்டேன். இப்போது வேகத்தடையில் ஏறினால் ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிடுகிறது, தொட்டில் மாதிரி ஆடுவதில்லை.

பின்பக்க ஷாக்குகளும் பழையவைதான். இந்த வண்டியில் அவற்றுக்கு ஸ்பிரிங் தனியாக இருப்பதால் கம்ப்ரஸர் வேண்டாம், பனி விட்டதும் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அண்ணி வேண்டாம் என்பார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கட்டைப் பிரித்துவிட்டேன், நகம் மட்டும் கறுத்திருக்கிறது. அம்மாவுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது முதல் பத்தியையும் லிங்க் ராடையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பி