ஒரே ஊசி எதுக்கு மூணு தடவ?

மச்சான்,

சொகமா இருக்கியா. ஒன் மெசேஜ் பாத்தேன். பேரனுக்கு ரெண்டாம் மாசம் போட்ட அதே அஞ்சு நோய் ஊசிய நாலாம் மாசமும் போட்டுட்டு ஆறாம் மாசமும் வரச் சொல்றாங்களே, மருந்து சரியில்லாமத்தான் திரும்பத் திரும்ப குத்துறாங்களான்னு கேட்டிருந்த. மருந்துல ஒரு கொறையும் இல்லடா. இங்க ஹட்டன்ல ஒரே மழ, கரண்டும் இல்ல, டியூஷனுக்கு ஒரு புள்ளயும் வரல, அதனால ஆற அமர எழுதுறேன், நீளமாத்தான் போகும், பொறுத்துக்க.

ஊசி போடுறதே ஒடம்பு ஆன்டிபொடி செய்யத்தான், அதாவது கிருமிய ஒட்டிப் புடிக்கிற புரோட்டீன். அத செய்யுறது பி செல்லுங்குற ஒரு வக வெள்ள ரத்த அணுதான், ஆனா அது பெரும்பாலும் தன் இஷ்டத்துக்கு செஞ்சிற முடியாது. கிருமி அதோட ரிசெப்டர்ல, அதாவது அது மேல இருக்குற கொக்கி மாதிரி ஒன்னுல, பொருந்திச்சின்னா புடிச்சி முழுங்கிரும், முழுங்கி அதுல உள்ள புரோட்டீன துண்டு துண்டா வெட்டி வெளிய தூக்கி காட்டும். அத பாத்து அடையாளம் சொல்ல டி செல்னு இன்னொரு வக வெள்ள அணு வரணும், அந்த டி செல்ல டென்ட்ரிடிக் செல்னு இன்னொருத்தன் அதே கிருமிய காட்டி முன்கூட்டியே எழுப்பி விட்டிருக்கணும். ரெண்டும் ஒட்டி நின்னு டி செல் மேல இருக்குற சிடி40 லிகண்ட்ங்குற புரோட்டீன் பி செல் மேல இருக்குற சிடி40ங்குற புரோட்டீன தொடும், கூடவே ஐஎல்-21, ஐஎல்-4ன்னு சில தகவல் சொல்ற புரோட்டீன டி செல் சொரந்து விடும், அப்பத்தான் பி செல் நல்லா பெருகி, மொதல்ல செஞ்ச ஐஜிஎம்ங்குற ஆன்டிபொடி வகய விட்டுட்டு ஐஜிஜிங்குற வகைக்கு மாறும்.

சில ஆம்பளப் புள்ளைங்களுக்கு அந்த லிகண்ட் ஜீன் பொறக்கும்போதே பழுது. எக்ஸ் குரோமோசோம்ல இருக்குற ஜீன், அதான் ஆம்பளப் புள்ளைங்க. பி செல் நல்லாவே இருக்கும், ஐஜிஎம்மும் இருக்கும், ஐஜிஜி மட்டும் ரொம்ப கம்மி, அடிக்கடி நிமோனியா வந்து படுத்துரும். 1993லதான் இதுக்கு காரணமான ஜீன கண்டுபுடிச்சாங்க. டி செல் இல்லாட்டி என்னன்னு கேக்குறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

இதுக்கு அடித்தளம் போட்டது மெல்பேர்ன்ல ஜாக் மில்லரும் கிரஹாம் மிச்செலும், 1968ல. நெஞ்சுக்குள்ள இருக்குற தைமஸ்ங்குற உறுப்புல இருந்து வர்ற செல்லு, அதான் டி செல், தானா ஆன்டிபொடி செய்யுறதில்ல, எலும்பு மஜ்ஜைல இருந்து வர்ற செல்லுக்கு, அதான் பி செல்லுக்கு, ஒதவி செய்யுதுன்னு எலிய வச்சி காட்டுனாங்க. மில்லருக்கு 2019ல லாஸ்கர் விருது குடுத்தாங்க, நோபல் குடுக்கல, அது எனக்கு இன்னும் ஆறல.

சரி, ஒன் கேள்விக்கு வாறேன். கால்ல புண்ணு வந்தா தொட இடுக்குல நெறி கட்டும்ல, அந்த மாதிரி எடத்துக்குள்ளதான் இந்த பெருக்கம் நடக்கும். பெருகும்போது பி செல்லு ஆன்டிபொடி ஜீன்ல மாத்தம் பண்ணிக்கிட்டே போகும், சிலது முன்னவிட இறுக்கமா புடிக்கும், சிலது கெட்டுப்போகும். நம்ம தேயிலத் தோட்டத்துல சாயங்காலம் கொழுந்து நிறுத்து, எட இருந்தா முழு நாள் சம்பளத்துக்கு பேர் போடுறதும், கொறஞ்சா பாதிச் சம்பளத்துக்கு அரப்பேர் போடுறதும் மாதிரிதான், எவன் கிருமிய அதிகமா புடிச்சி அதிகமா காட்டுறானோ அவனுக்குத்தான் டி செல் பேர் போடும், ஆனா இங்க அரப்பேர்ங்குற பேச்சே கெடையாது, கொறஞ்சா சாவுதான். இது வாரக்கணக்கா நடக்குற வேல. முடிவுல கொஞ்சம் செல்லு ஞாபகத்தோட தங்கிரும், அடுத்த ஊசி விழும்போது அதுங்க எழும்பி இன்னும் வேகமா, இன்னும் நல்லதா செய்யும். சின்னப் புள்ளைக்கு மொத ஊசியில வர்ற ஆன்டிபொடி பத்தாது, சீக்கிரம் எறங்கியும் போயிரும், அதான் மூணு தடவ.

அந்த அஞ்சுல ஒன்னு ஹிப். மூளக்காச்சல் குடுக்குற பாக்டீரியா. அதோட மேலங்கி சக்கர வக, டி செல்லோ பெரும்பாலும் புரோட்டீன் துண்டத்தான் பாக்கும், அதனால வெறும் சக்கரய ஊசியா போட்டப்ப ரெண்டு வயசுக்கு கொறஞ்ச புள்ளைங்ககிட்ட பெருசா ஒன்னும் ஆகல. அப்புறம் என்ன பண்ணுனாங்க தெரியுமா, அந்த சக்கரய ஏற்புவலி டாக்சாய்டு, அதாவது வெசம் எடுத்த ஏற்புவலி நஞ்சு, மாதிரி ஒரு புரோட்டீனோட சேத்து கட்டிட்டாங்க. பி செல் சக்கரய தேடி வந்து புடிக்கும், முழுங்கும்போது புரோட்டீனும் சேந்து உள்ள போகும், வெளிய காட்டுறது புரோட்டீன் துண்டு, டி செல் அத பாத்துட்டு ஒதவிரும், வெளிய வர்ற ஆன்டிபொடியோ சக்கரைக்கு எதிரானது! இத மொத மொத படிச்சப்ப எழும்பி நின்னுட்டேன் மச்சான், அப்பிடி ஒரு யோசன. நம்ம இலங்கைல 2008ல இருந்து அந்த அஞ்சுல ஒன்னா சேத்து இத போடுறாங்க, நம்ம புள்ளைங்க காலத்துல இது கெடையாது.

அதனால மகள்கிட்ட சொல்லு, ஆறாம் மாச கிளினிக்க விட்டுறாம போகச் சொல்லு, ஊசி போட்ட அன்னிக்கி காச்சல் அடிச்சா மிட்வைப் மிஸ் சொன்ன அளவுக்கு பெனடோல் சிரப் குடுத்தா போதும்.

நம்ம பழைய கோல்கீப்பர் வீட்டுல மூத்த பொண்ணுக்கு கல்யாணம் கூடியிருக்கு, தலவாக்கலையில ஹோல் எடுத்திருக்காங்க. பண்டாரவளையில இருந்து காலைல ரயில் ஏறுனா நேரத்தோட வந்துரலாம். தங்குறது நம்ம வீட்டுலதான், வீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். வாறியா இல்லயான்னு இந்த வாரத்துக்குள்ள சொல்லு.

ஒன்
பழைய பெஞ்சுக்காரன்