பரணில் கிடக்கும் மஞ்சள் கேசட்

நிஷிகசாய், டோக்கியோ
16 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். அம்மா, நீ, வீட்டில் அவள், பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று கேட்பாய். வாட்ஸ்அப்பில் சொன்னால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றைத் தட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவாய். இதை நீ அம்மாவுக்கு உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். சிரிக்க இடம் நிறைய வரும், பொறுத்துச் சிரி.

மோர்தானா அணை நிரம்பிவிட்டதா? ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா? இங்கே குளிர் வந்துவிட்டது. தெருவோர கிங்கோ மரங்கள் மஞ்சளாக ஆரம்பித்திருக்கின்றன. மாமா உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டு அதன்மேல் நம் குடியாத்தம் லுங்கியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார். குப்பை போட வாசலுக்குப் போகும்போதாவது அவிழ்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய டிவி கேம் ஞாபகம் இருக்கிறதா? 1994 கோடையில், நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த சமயம், சித்தப்பா பர்மா பஜாரில் வாங்கி, சரக்கு மூட்டையோடு மூட்டையாக ரயிலில் கொண்டுவந்தாரே, அது. நான் இப்போது அதைத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில். 61 கேசட்டும் இரண்டு கேம் பெட்டியும் ஒரு பழைய பிக்சர் டியூப் டிவியும் இந்த ஆறு பாய் விரிக்கிற அளவு அறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மாமாவுக்கு முதலில் கோபம். இப்போது ராத்திரியில் அவரும் ஒரு கை பார்க்கிறார்.

எப்படி ஆரம்பித்தது என்றால், பையன் காலேஜ் விடுதிக்குப் போன வருஷம், ஒரு சின்ன ஹீட்டர் வாங்கலாம் என்று பழைய சாமான் கடைக்குப் போனேன். நான் சூப்பர் மார்க்கெட்டில் பெந்தோ என்கிற சாப்பாட்டு டப்பா அடுக்கும் வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். என்னைப் போல வீட்டுக்காரர் விசாவைச் சார்ந்து வந்தவர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை, ஆனால் என் காசு. அந்தக் கடையில் ஓட்டை உடைசல்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஜங்க் என்றே எழுதி வைத்திருப்பார்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் திருப்பித் தரக்கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய, வெற்றிலைப் பெட்டி அளவில், கலர் கலராகக் கிடந்தன. கையில் எடுத்ததும் எடையே சொல்லிவிட்டது. கடைக்காரரிடம், "இது கேசட்தானே?" என்று என் அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டி, "கசெத்தோ, கசெத்தோ" என்றார். பார்த்தாயா, நாம் கேசட் என்று சொன்னதை உன் இங்கிலீஷ் மீடியம் சிநேகிதன் கார்ட்ரிட்ஜ் என்று திருத்துவானே, அவனிடம் சொல்லு. ஜப்பான்காரனே கேசட் என்றுதான் சொல்கிறான்.

நம் வீட்டுப் பெட்டி எதனுடைய நகல் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. ஃபேமிகாம் என்று பேர். நிண்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று வெளியிட்டது, விலை 14,800 யென். தைவானிலும் சீனாவிலும் அதைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு பெட்டி செய்து உலகம் முழுக்க விற்றார்கள். அதில் ஒன்று குடியாத்தத்துக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவுக்குப் போன நிண்டெண்டோ பெட்டி வேறு மாதிரி, அதன் கேசட்டுக்கு 72 பின். ஜப்பான் கேசட்டுக்கு 60. நம் வீட்டுக் கேசட்டுக்கும் அதே 60. நாம் உயிரை விட்ட டாங்க் ஆட்டமும் சர்க்கஸும் அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெட்டிக்கு வரவே இல்லையாம். ஆக, நாம் விளையாடியதெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடியதைத்தான்.

அப்பா இதைச் சூதாட்டம் என்று திட்டுவாரே. சீட்டாடுகிற பயல்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பார். அந்தக் கம்பெனி 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத்தான் ஆரம்பித்ததாம்! ஹனபூதா என்று பூப்படம் போட்ட சீட்டு. அப்பா இருந்திருந்தால் போன் போட்டு இதை முதலில் அவரிடம்தான் சொல்லியிருப்பேன்.

பெட்டி வாங்கினால் போதுமா, டிவி வேண்டுமே. அந்தக் காலப் பெட்டி ஆன்டெனா வயர் வழியாகத்தான் படம் அனுப்பும், ஒன்றாவது சேனல் அல்லது இரண்டாவது சேனலில். கீழ்வீட்டுப் பாட்டியிடம் 14 இஞ்ச் பிக்சர் டியூப் டிவி ஒன்று சும்மா கிடந்தது. இந்த ஊரில் டிவியைத் தூக்கிப் போடவும் நாம்தான் காசு கட்ட வேண்டும், 2001இலிருந்து அப்படிச் சட்டம். எடுத்துக்கொள்கிறாயா என்று அவரே கேட்டார், நான் வேண்டாம் என்பேனா? 2011 ஜூலையில் பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், அதனால் எந்தச் சேனல் வைத்தாலும் பொரிகடலை கொட்டினதுபோலத்தான் இரையும். நம் வீட்டில் நீ குமிழைத் திருகுவாய், நான் திரையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பேன். இங்கே திருகவும் நானே, சொல்லவும் நானே. திடீரென்று இரைச்சல் அடங்கி நீல வானம் வந்தது.

நீல வானம் என்கிறேன், கவனித்தாயா? நம் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. மரியோ ஆட்டத்தின் வானம் நீலம் என்பதையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வயதில் நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "ஏண்டா, மேகம் ஏன் தரையில் விழுந்து கிடக்கிறது?" பேசாமல் பாருக்கா என்று நீ என் வாயை அடைத்தாய். பக்கத்து வீட்டுப் பையன்களெல்லாம் சிரித்தார்கள். தம்பி, நான் கேட்டது சரி. மேலே போகிற மேகமும் கீழே இருக்கிற புதரும் ஒரே படம்தான். மேலே வெள்ளை அடித்திருக்கிறார்கள், கீழே பச்சை. மரியோ ஆட்டம் முழுவதும் 40 கே.பி.க்குள் அடக்கம், 1985இல் செய்தது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்புகிற காலை வணக்கம் படம் ஒன்றே அதைவிடப் பெரியது. இடம் பத்தாததால் ஒரே படத்தை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கலர் டிவியில் பார்த்தவர்களுக்கு அது எளிதில் கண்ணில் படாது. கறுப்பு வெள்ளையில் பார்த்த எனக்குப் பட்டது. இதை அந்தப் பையன்களில் யாராவது இன்னும் பஜார் பக்கம் இருந்தால் அவசியம் சொல்லு.

அப்புறம் இரண்டாவது ஜாய்ஸ்டிக் சமாச்சாரம். நீ எப்போதும் எனக்கு அதைத்தான் கொடுப்பாய். அதில் ஸ்டார்ட் பட்டன் இருக்காது. நீ ஆரம்பித்தால்தான் எனக்கு ஆட்டம். மட்டமான நகல் என்பதால் பட்டனை விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், ஒரிஜினலிலேயே அப்படித்தான். இரண்டாவதில் ஸ்டார்ட் கிடையாது, அதற்குப் பதில் ஒரு குட்டி மைக் வைத்திருக்கிறார்கள். பொம்பளை கத்தலாம், ஆரம்பிக்கக் கூடாது என்று மாமாவிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. இப்போது இரண்டும் என் கையில். முதல் நாள் ஸ்டார்ட்டை நானே அமுக்கினபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது, யாரும் இல்லாத அறையில்.

ஜப்பானிய எழுத்து படிக்கவே இந்தக் கேசட்கள்தான் எனக்கு வாத்தியார். அந்த நாளில் கேசட்டுக்குள் கான்ஜி என்கிற சீனத்து எழுத்துகளைத் திணிக்க இடம் இல்லை (அம்மாவுக்குச் சொல், கஞ்சி இல்லை, கான்ஜி). பெரும்பாலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற ஹிரகானா எழுத்தில்தான் இருக்கும். டிராகன் குவெஸ்ட் என்று 1986இல் வந்தது ஒன்று. எங்கே விட்டோமோ அங்கிருந்து மறுநாள் தொடர, அதில் ராஜாவைப் போய்ப் பார்க்க வேண்டும். உயிர்ப்பிக்கும் மந்திரம் என்று இருபது எழுத்து சொல்வார். அதை நோட்டில் எழுதி வைத்து மறுநாள் அப்படியே போட வேண்டும். நு என்ற எழுத்தும் மே என்ற எழுத்தும் நம் ரகரமும் துணைக்காலும் மாதிரி, ஒட்டிப் பிறந்தவை. நுவுக்கு வாலில் ஒரு சுழி, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு சுழியை விட்டுவிட்டு மூன்று நாள் உழைப்பைத் தொலைத்தேன். மந்திரம் தப்பு என்று திரையில் வந்ததும், எழுத்துப் பிழைக்கு அரை மார்க் வெட்டுவாரே நம் தமிழ் ஐயா, அவர் முகம்தான் ஞாபகம் வந்தது. அதன்பிறகு இரண்டு தடவை சரிபார்க்காமல் எழுதுவதில்லை. ரேஷன் கார்டு நம்பர்கூட நான் இப்படி எழுதியதில்லை.

ஃபேமிகாமுக்கு ஆயிரத்துக்கும் மேல் ஆட்டம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்க்கும் ஆசை எனக்கு இல்லை. அகிஹபரா என்கிற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் பெட்டி பிரிக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிறார்கள், நகைக்கடை மாதிரி. அதைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது பின்பக்கம் பேர் எழுதியது. இந்த ஊர்ப் பிள்ளைகள் கேசட்டை இரவல் கொடுப்பதற்கு முன் மார்க்கர் பேனாவால் பேரும் வகுப்பும் எழுதியிருக்கிறார்கள். நாலாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு என்று ஒன்றில் இருக்கிறது, எழுத்து கோணல் மாணலாக. சேர்ப்பவர்கள் அதைக் கறை என்பார்கள், விலையும் குறையும். கறை பட்டதாகப் பார்த்துத்தான் நான் வாங்குகிறேன், முந்நூறு யென்னுக்குக் கிடைக்கிறது. நீ நம் கேசட்டில் காம்பஸ் முனையால் உன் இனிஷியலைக் கீறி வைத்தாயே. என் பேரைப் போடவில்லை.

ஏமாந்ததும் உண்டு. ஓடும் என்று சொல்லி ஒருவர் விற்ற பெட்டியில் எறும்பு புற்று வைக்காத குறை. மூன்று வாரம் கழற்றிக் கழற்றித் துடைத்தேன், உயிர் வரவில்லை. பட்டன் ரப்பரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று உன்னிடம் சொல்ல வேண்டும். டாங்க் ஆட்டம், பேட்டில் சிட்டி. நாம்கோ கம்பெனி 1985இல் செய்தது, மொத்தம் 35 கட்டம். கீழே நம் கோட்டையில் ஒரு கழுகுச் சின்னம் இருக்குமே, அதில் குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. நீ முன்னால் போய்ச் சுட்டுத் தள்ளுவாய். "நீ இங்கேயே நின்னு கழுகைப் பார்த்துக்கோ" என்று என்னைச் செங்கல் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவாய். அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி. அந்த விடுமுறையில் ஒரு நாள், கரண்ட் போகாமல் அதிசயமாக இருபது கட்டம் தாண்டிவிட்டோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் குண்டு நம் கழுகு மேலேயே பட்டு ஆட்டம் முடிந்தது. கை தவறிவிட்டது என்று சொன்னேன், நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தம்பி, கை தவறவில்லை.

சரி, இப்போது நீ ஒரு வேலை செய்ய வேண்டும். பரணில் அப்பாவின் கணக்கு நோட்டுகள் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் பார். 9999 ஆட்டம் என்று போட்ட மஞ்சள் கேசட் இருக்கும் (உள்ளே இருந்தது ஏழோ எட்டோ, அதையே திருப்பித் திருப்பிப் போட்டிருப்பான்). அது இங்கே என் பெட்டியில் அப்படியே பொருந்தும். பெட்டி வேண்டாம், அடாப்டர் வேண்டாம், கேசட் மட்டும் போதும். ஜனவரியில் மாமாவின் தங்கை வேலூரிலிருந்து வருகிறாள், அவளிடம் கொடு. முள்ளுக் கத்திரிக்காயைக் கட்டிக் கொடுத்துவிடாதே, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். இங்கே கிடைக்கிற கத்திரிக்காய் எண்ணெயில் போட்டால் கூழாகிறது என்று அம்மாவிடம் சொல்லி வை, பாவம் பார்ப்பார்.

கேசட்டைப் பழைய லுங்கித் துணியில் சுற்று. கிடைத்ததும் பழைய பழக்கத்தில் வாயில் வைத்து ஊதிவிடாதே. எச்சில் ஈரம் பட்டுத்தான் அந்தச் செப்புக் கோடுகள் அரித்துப்போகின்றன. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நான் இங்கே துடைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா