பந்தடித் தெருத் தோழிக்கு

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இங்கிலாந்தின் யார்க் நகரத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படிக்கப் படிக்க வேறு நினைப்புகள் வந்துவிட்டன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வைக்கிங் தெருவை அப்படியே கட்டி வைத்து, அந்தக் காலத்து நாற்றத்தைக்கூட வரவழைத்திருக்கிறார்கள் என்றும், பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டே பார்த்தாள் என்றும் எழுதியிருந்தாய் அல்லவா! அப்புறம் நானும் தேடிப் படித்தேன். 1976 முதல் 1981 வரை அகழாய்வு நடந்த அதே இடத்தில், 1984-இல் அந்த யோர்விக் மையத்தைத் திறந்திருக்கிறார்கள். அதைவிட என்னை ஈர்த்தது இன்னொரு செய்தி. அந்த ஊரில் 1951-இலிருந்து தன்னார்வலர்கள் காசு வாங்காமல் வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். எழுபது வருஷத்துக்கு மேலாக! படித்ததும் எனக்குப் பெரிய தெம்பு வந்தது.

"நம்ம ஊரில் இப்படி ஒன்று ஏன் செய்யக் கூடாது, நீ ரிடையர் ஆகிச் சும்மாதானே இருக்கிறாய்" என்று கேட்டிருந்தாய். சும்மா இல்லையடி. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் மரபு நடை கூட்டிப் போகிறேன். காலை ஆறு மணிக்கு விளக்குத்தூணில் கூடுவோம். பத்துப் பேர் வருவார்கள், சில வாரம் இருபது. வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். இப்போது உள்ளூர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், அதில்தான் எனக்கு அதிக சந்தோஷம்.

விளக்குத்தூணில் ஏன் தொடங்குகிறேன் என்று நீ யோசிப்பாய். நாம் அந்தத் தூணை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்போம்! ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்திருப்போமா? அது கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடியவர் அவர். இடித்த விதம்தான் விசேஷம். சுவரை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த நிலம் என்று அறிவித்தார். கோட்டை இருந்த இடம் வெளிவீதி ஆனது. அந்த வேலையில் துணை நின்ற நில அளவைக்காரர் மாரட் பெயரிலும், மேஸ்திரி பெருமாள் பெயரிலும் இன்றைக்கும் தெருக்கள் இருக்கின்றன. பெருமாள் மேஸ்திரி வீதியில் பாத்திரம் வாங்கப் போன நமக்கு அந்த மேஸ்திரி யாரென்று யாராவது சொன்னார்களா? ஒரு கட்டட மேஸ்திரியின் பெயர் ஊரின் நடுவில் தெருவாக நிற்கிறது என்று சொல்லும்போது, கூட்டத்தில் கொத்தனார் வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளை இருந்தால் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அங்கிருந்து பத்துத்தூண் சந்துக்குப் போவோம். துணிக்கடைகள் திறந்திருக்காது, சந்து காலியாகக் கிடக்கும். அந்தப் பிரம்மாண்டமான தூண்கள் எதையும் தாங்காமல் வெறும் வானத்துக்குக் கீழே நிற்கும். "இதுவும் திருமலை நாயக்கர் அரண்மனைதான்" என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அரண்மனை எங்கேயோ தள்ளி இருக்கிறதே என்பார்கள். சரி, நடங்கள் என்று நவபத்கானா தெரு வழியாக மகாலுக்கு அழைத்துப் போவேன். நவபத் என்றால் அரண்மனை வாசலில் முழங்கும் முரசும் நாகசுரமும். வழியெல்லாம் அரண்மனையின் பெயர்கள்தான், அரண்மனையைத்தான் காணோம். 1636-இல் கட்டியதில் இன்று மிஞ்சியிருப்பது கால்வாசி என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் ஒரு பகுதியைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மீதியும் இடிந்து விழ இருந்த நேரத்தில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்த்து, உள்ளே கோர்ட்டு வைத்தார்கள். இதையெல்லாம் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். ஆனால் பத்துத்தூணிலிருந்து மகால் வரை கால் வலிக்க நடந்தால்தான் அந்த அரண்மனை எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பது உடம்புக்குத் தெரிகிறது. நான் வகுப்பறையில் முப்பது வருஷம் பாடம் நடத்தியும் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் ஆவணியில் நடந்தது. மகால் முற்றத்தில் நின்று சுரங்கப்பாதைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு ஒரு சுரங்கம் உண்டு, மன்னர் அதன் வழியாகத்தான் தினமும் தரிசனத்துக்குப் போவார், ஒரு குதிரை போகிற அளவு அகலம் என்று, கண்ணால் பார்த்தவள் மாதிரி சொன்னேன். கூட்டத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "நீங்க உள்ள போயிருக்கீங்களா டீச்சர்?" இல்லையப்பா என்றேன். "அப்ப யாரு போயிருக்கா?"

எனக்குப் பதில் இல்லை. முப்பது வருஷம் "சான்று எங்கே, சான்று எங்கே" என்று பிள்ளைகளைக் கேட்டவள் நான். அந்தப் பையன் அதையேதான் கேட்டான். அன்றைக்கு மீதி நடையை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. இரவு தூக்கம் வரவில்லை. அழகாக இருக்கிறது என்பதற்காக நடந்ததோடு கேள்விப்பட்டதைக் கலந்து கொடுத்தால், கேட்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே ஊருக்குக் கொண்டுபோவார்கள். நாளைக்கு 1636 என்பதும் ஒரு கதைதான் என்று ஆகிவிடும்.

அதற்காகக் கதையை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. சுரங்கக் கதை இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்னது. அரசனும் கோயிலும் அடியில் எங்கோ இணைந்திருக்கிறார்கள் என்று இந்த ஊர் நினைத்திருக்கிறது. அந்த நினைப்பும் மதுரையைப் பற்றிய செய்திதானே?

அடுத்த ஞாயிறு ஒரு வழி செய்தேன். கல்வெட்டிலோ ஆவணத்திலோ இருப்பதைச் சொல்லும்போது பக்கத்தில் இருக்கிற சுவரையோ தூணையோ கையால் தொட்டுக்கொண்டு சொல்வேன். செவிவழியாக வந்ததைச் சொல்லும்போது கையைக் காதுக்கு எடுத்துப் போவேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுவேன். மூன்றாவது இடம் வருவதற்குள் பிள்ளைகள் என் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டைக்கு எழுபத்திரண்டு கொத்தளம், ஒன்றுக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்றால் கை காதுக்குப் போகும். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிச்சமிருக்கிற கோட்டைத் துண்டுக்குப் போனால் கல்லுக்கு வரும்.

ரவுஸ் பீட்டர் கதையில் இரண்டு கையும் வேலை செய்யும். 1812-இலிருந்து 1828 வரை இங்கே கலெக்டராக இருந்தவர். ஜனங்கள் அவரைப் பீட்டர் பாண்டியன் என்றார்கள். ஒரு மழை இரவில் சிறுமி ஒருத்தி வந்து அவரை பங்களாவிலிருந்து வெளியே கூட்டிப் போனாளாம். அவர் வெளியே வந்ததும் பங்களாவில் இடி விழுந்ததாம். அந்தச் சிறுமி மீனாட்சிதான் என்று அவர் நம்பி, அம்மனுக்கு மாணிக்கக் கல் பதித்த தங்கப் பாதுகம் செய்து கொடுத்தார். சிறுமி வந்தது காதுக் கை. பாதுகம் கல் கை, அது அவர் பெயரோடு இன்றும் கோயில் நகைகளில் இருக்கிறது. நடுவில் இருக்கிற அந்த மனிதரின் மனசுக்கு எந்தக் கையை வைப்பது என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாசி வீதி வந்தால் ஒரு புதிர் போடுவேன். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரில் வீதிகள். அந்தந்த மாதத் திருவிழாவுக்குச் சாமி வரும் வீதி அது. அப்படியானால் சித்திரையில் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? யாருக்கும் தெரியாது. மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் திருவிழாவோடு சேர்த்தார் என்பது ஊர் வழக்கு. அதற்கு முன்னால் அழகர் தேனூருக்குத்தான் போவார் என்பார்கள். விழா மாறியது, வீதியின் பெயர் மாறவில்லை. அந்தத் தெருப் பலகையையே தொட்டுக் காட்டுவேன்.

மேல மாசி வீதியில் காந்தி தங்கிய வீட்டுக்கும் போவோம். 1921 செப்டம்பர் 22 அன்று காலையில் அங்கேதான் சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். இப்போது அங்கே கதர்க் கடை. போன மாதம் செல்லூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள், தறி ஓட்டுகிற குடும்பம். கேட்டுவிட்டு, "துணி நெய்யிற ஊருக்கு வந்து துணியக் குறைச்சிருக்காரு பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார்கள். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் அந்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடைசியாகச் சித்திரை வீதி. கோபுரத்தைப் பார்த்து நின்று 1939 ஜூலை 8-ஐப் பற்றிச் சொல்வேன். வைத்தியநாத ஐயர் முன்னால் போக, பின்னாளில் உள்துறை அமைச்சரான கக்கனும் மற்றவர்களும் அதுவரை சாதியின் பேரால் அவர்களுக்கு மறுக்கப்பட்ட கோயிலுக்குள் நுழைந்த நாள். என் பாட்டி அதற்குப் பிறகுதான் உள்ளே போனாள் என்று உனக்குத் தெரியும். அதுவரை வெளியே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவாளாம். முதல் தடவை உள்ளே போனபோது அம்மனைப் பார்த்ததைவிடப் பொற்றாமரைக் குளத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன் என்பாள். ஊருக்கு நடுவில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான். இதைச் சொல்லும்போது கை எங்கே போக வேண்டும் என்று நான் நினைப்பதே இல்லை. குரல் மட்டும் எப்போதும் கொஞ்சம் இடறும்.

வேஷம் கட்டுவது பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு தடவை செய்து பார்த்தேன். என் பழைய மாணவி ஒருத்தியைக் கண்ணகி மாதிரி தலையை விரித்துப் போட்டுச் சிலம்போடு நிற்க வைத்தேன். எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள், கதையை ஒருவரும் கேட்கவில்லை. யார்க்கில் அது பொருந்தலாம், அங்கே வைக்கிங்குகளின் வாழ்க்கை நின்றுபோய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இங்கே சித்திரையில் வந்து பார். பாங்கில் வேலை பார்க்கிறவர் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டி, தோற்பையில் தண்ணீர் நிறைத்துப் பீய்ச்சி அடித்துக்கொண்டு வருகிறார். அவருடைய தாத்தாவும் அதே தோற்பையைச் சுமந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் நான் யாரை வேஷம் கட்டி நிறுத்துவது?

உனக்கு ஒரு செய்தி. புது மண்டபத்துக் கடைகளை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு, யாளியின் காலடியில் உட்கார்ந்து காத்திருப்போமே, அந்த இடமெல்லாம் காலி. சிற்பங்கள் இப்போதுதான் முழுசாகத் தெரிகின்றன. நாயக்க மன்னர்களின் சிலைகளை நிதானமாகப் பார்க்க முடிகிறது. நல்லதுதான், அந்தக் கல்லுக்கு நல்லது. ஆனால் தையல் மிஷின் சத்தம் இல்லாமல் அந்த மண்டபத்தின் பக்கம் போகும்போது எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது.

இத்தனையும் எழுதியது உன்னிடம் ஒன்று கேட்கத்தான். சுரங்கக் கதையை எனக்கு முதலில் சொன்னது யார் தெரியுமா? உன் அம்மா. பந்தடித் தெரு வீட்டுத் திண்ணையில் சுங்கடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்கள். நமக்குப் பதினோரு வயது. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌராஷ்டிரத்தில் பேசுவீர்கள், எனக்காக அம்மா மட்டும் தமிழுக்கு மாறுவார்கள். ராத்திரியில் தரையில் காதை வைத்துப் படுத்தால் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும் என்றார்கள். அன்றிரவு நாம் இரண்டு பேரும் காதை வைத்துப் படுத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா?

அம்மாவுக்கு இதை யார் சொன்னார்கள் என்று கேட்டுச் சொல். அவர்களுடைய மாமியாரா, தறிக்கு வந்தவர்களா, அந்தத் தெருவில் எல்லோருமே சொல்வதா? அவசரப்படுத்தாமல் சௌராஷ்டிரத்திலேயே பேசச் சொல்லி, போனில் பதிவு செய்து அனுப்பு. நீ தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். மகால் முற்றத்தில் நிற்கும்போது கையைக் காதுக்குக் கொண்டுபோய், இது பந்தடித் தெருவில் ஒரு அம்மா சுங்கடி முடிந்துகொண்டே சொன்னது என்று சொல்ல ஆசைப்படுகிறேன். அவர்களுக்கு அது யார் மூலமாக வந்தது என்பதும் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்வேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். பேத்திக்கு முத்தம். டிசம்பரில் வந்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வா, விளக்குத்தூணில் ஆறு மணி.

அன்புடன்,
உன் டீச்சர் தோழி