கோடியில் மூன்றரைப் பங்கு

காரைக்குடி,
10 நவம்பர் 2024

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த அன்றே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் நாம் பைத்தானில் எழுதிய மின்வேதியியல் நிரல் நூலகத்தின் பில்ட் வேலை, அதாவது நிறுவத்தக்க வடிவில் அதைக் கட்டியெடுக்கும் வேலை, அப்போது பாதியில் கிடந்தது, அரைகுறையாக எதையாவது எழுதி உன்னைக் கவலைக்குள்ளாக்க மனம் வரவில்லை. நேற்றிரவுதான் லினக்ஸ், விண்டோஸ், மேக் ஆகிய மூன்றிலும், பைத்தான் 3.10 முதல் சென்ற மாதம் வெளியான 3.13 வரை எல்லாவற்றுக்கும் வீல் கோப்புகள் (கம்பைல் செய்து முடித்த, நேரே நிறுவத்தக்க பொதிகள்) உருவாகி, ஒவ்வொன்றும் புதிய வெற்றுச் சூழலில் நிறுவப்பட்டு, ஒன்றைத் தவிரச் சோதனைகள் அனைத்தும் தேறின. அந்த ஒன்றைப் பற்றித்தான் கடைசியில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். அதுவரை பொறுமையாகப் படி.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். ஐப்பசி மழை நன்றாகவே பெய்கிறது. ஆவணியிலேயே இரண்டாங்கட்டின் ஓடுகளைப் பிரித்து, உளுத்துப்போன சட்டங்களை மாற்றி, மறுபடி வேய்ந்துவிட்டதால் வளவுக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, பெரிய வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பொது; குடியிருப்பது நாங்கள் ஒரு குடும்பம் மட்டுமே. முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து இறங்குகிறவர்கள் முகப்பின் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரையையும் பார்த்து மகிழ்வார்கள். ஓட்டின் மேல் ஏறிப் பார்ப்பவர் எவரும் இல்லை. ஆட்களோடு நான் மேலே ஏறி நின்றபோது நம் நூலகம் நினைவுக்கு வந்தது. மின்மறுப்பு அளவீட்டுக்கு (மாறுமின்னோட்டத்துக்கு மின்கலம் காட்டும் எதிர்ப்பின் அளவீட்டுக்கு) ஏற்ற சுற்று மாதிரியைப் பொருத்தித் தரும் அதன் கணக்குப் பகுதியைப் பற்றி மாணவர்கள் இன்றும் எழுதிக் கேட்கிறார்கள். அதைக் கட்டித் தரும் கோப்புகளைப் பற்றியும் சோதனைகளைப் பற்றியும் உன்னையும் என்னையும் தவிர எவரும் பேசி நான் கேட்டதில்லை.

ஓடிக்கொண்டிருந்ததை ஏன் கலைத்தாய் என்று கேட்டிருந்தாய். நாம் தொடங்கிய காலத்தில் பரவல் (டிஃப்யூஷன்) கணக்கு முழுவதும் ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் இருந்தது. பைத்தானின் வழக்கமான கட்டுமானக் கருவியான செட்டப்டூல்ஸுக்கு ஃபோர்ட்ரான் தெரியாது. ஆகவே எண்கணக்கு நூலகமான நம்பையோடு வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற கருவியை எடுத்துக்கொண்டோம், அது பல ஆண்டுகள் நமக்குக் குறையில்லாமல் உழைத்தது. ஆனால் அது பைத்தானுக்குள்ளேயே இருந்த பழைய டிஸ்ட்யூட்டில்ஸின் மேல் எழுப்பப்பட்டது. அந்த அடித்தளம் கைவிடப்படும் என்று 2021இல் வந்த 3.10 பதிப்பிலேயே எச்சரிக்கை கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் வந்த 3.12இல் அதை நீக்கியும் விட்டார்கள். அறிவியல் கணக்கு நூலகமான சைபை 2022இல் தன் 1.9.0 பதிப்பிலும், நம்பை அதற்கடுத்த ஆண்டு 1.26.0 பதிப்பிலும் மெசான் என்ற வேறொரு கட்டுமானக் கருவிக்கு மாறிவிட்டன. நான் மட்டும் 3.11ஐப் பிடித்துக்கொண்டு ஓராண்டை ஓட்டினேன். அதன் விலையைக் கொடுத்தவர்கள் மாணவர்கள்: புதுக் கணினி வாங்கியவருக்கு 3.12 வந்துவிடும், நிறுவும் கருவியான பிப் நம் வீலைத் தேடிக் கிடைக்காமல் மூலத்திலிருந்து கம்பைல் செய்யப் பார்க்கும், பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி கொட்டும், அவர் தம்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். மின்வேதியியலுக்கென்றே 1953 முதல் ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களே நிறுவ முடியாத ஒன்றை வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மெசானில் முதல் வாரம் கசப்பாகவே இருந்தது. எந்தெந்தக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். "இந்த அடைவில் உள்ள எல்லாம்" என்று நட்சத்திரக் குறி போட்டு ஒப்பேற்ற அது இடம் கொடுக்காது. இதனால் முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. எல்லாம் பச்சையாகத் தேறியது, நானும் மகிழ்ந்தேன். பிறகு தற்செயலாக, சோதனைகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டின் கடைசி வரியைப் பார்த்தபோது, சோதனைகளின் எண்ணிக்கை பழைய பதிவைவிடக் குறைந்திருந்தது. பரவலால் எழும் வார்பர்க் மறுப்புக்கான சோதனைக் கோப்பை நான் பட்டியலில் எழுத மறந்திருந்தேன். அது நிறுவப்படவே இல்லை, ஆகவே ஓடவும் இல்லை. ஓடாத சோதனை எந்தக் குறையையும் சொல்லாது. இப்போது ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையையும் சேர்த்து ஒப்பிட்டு, குறைந்தால் நிறுத்திவிடும்படி செய்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றை நாம் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தோம் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. தேவகோட்டையிலிருந்து ஒரு முதுகலை மாணவி சென்ற ஆண்டு எழுதியிருந்தாள்: நூலகத்தை நிறுவியதும் பரவல் எண்களின் அட்டவணைக் கோப்பைக் காணவில்லை என்று பிழை வருகிறது என்று. என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது என்று அவளுக்குப் பதில் எழுதியதை நினைத்து இன்று வருந்துகிறேன். என் கணினியில் சரியாக இருந்ததற்குக் காரணம், நான் எப்போதும் மூல அடைவுக்குள்ளேயே நின்று பைடெஸ்டை ஓட்டியதுதான். அங்கே நின்று ஓட்டும்போது பைத்தான் நிறுவப்பட்ட தொகுப்பை எடுப்பதில்லை. கண்ணெதிரே கிடக்கும் மூலத்தையே எடுத்துக்கொள்கிறது. அட்டவணை மூலத்தில் இருந்தது, வீலுக்குள் இல்லை. வெளியே போகும் பொருளை நாம் ஒருநாளும் சோதித்ததில்லை என்பதுதான் இதன் பொருள். இனி வீலைக் கட்டி, வேறொரு வெற்று அடைவுக்குப் போய், அங்கே நிறுவி, நிறுவியதைத்தான் சோதிக்கிறோம். அந்த மாணவிக்கு எழுதி மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

இவற்றைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. அதை உன்னிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நீ எழுதிய சோதனையில் நான் கை வைத்த கதை.

2018இல் வெப்ப மின்னழுத்தத்துக்கு, அதாவது வாயு மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி ஃபாரடே மாறிலியால் வகுத்து வரும் எண்ணுக்கு, நீ ஒரு சோதனை எழுதினாய். எதிர்பார்க்கும் விடையை எண்ணாகவே எழுதி, பிழைவரம்பை நம்பையின் ஒப்பீட்டுச் சார்பு இயல்பாகத் தருகிறபடியே விட்டிருந்தாய்: கோடியில் ஒரு பங்கு. 2019 டிசம்பரில் சைபை 1.4.0 வந்ததும் அந்தச் சோதனை தேறாமல் போயிற்று. அப்போது எனக்கு நேரமில்லை. புதுப் பதிப்பை வெளியிட வேண்டிய அவசரம். காரணத்தைத் தேடாமல், பிழைவரம்பை ஆயிரத்தில் ஒரு பங்காகத் தளர்த்தி, "தற்காலிகம்" என்று குறிப்பெழுதி, வேலையை முடித்தேன். அந்தத் தற்காலிகம் ஐந்து ஆண்டுகள் நீடித்தது.

காரணத்தை இந்த மாதம்தான் தேடிக் கண்டேன். 2019 மே 20ஆம் நாள் அலகுகளின் வரையறை மாறியது நினைவிருக்கும். போல்ட்ஸ்மன் மாறிலியும் அவகாட்ரோ எண்ணும் எலெக்ட்ரானின் மின்னூட்டமும் நிலையான எண்களாக வரையறுக்கப்பட்டதால், வாயு மாறிலியும் ஃபாரடே மாறிலியும் அளந்து பெறும் எண்கள் என்ற நிலை போய்த் துல்லியமான எண்களாயின. 2014ஆம் ஆண்டுப் பட்டியலில் 8.3144598 என்றிருந்த வாயு மாறிலி, 2018ஆம் ஆண்டுப் பட்டியலில் 8.314462618 ஆயிற்று. சைபை 1.4.0 இந்தப் புதிய பட்டியலை எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் கோடியில் ஏறத்தாழ மூன்றரைப் பங்கு வருகிறது. உன் சோதனை அனுமதித்ததோ கோடியில் ஒரு பங்கு. உலகம் ஒரு மாறிலியைத் திருத்தியதை உன் சோதனை அன்றே பிடித்துச் சொல்லியிருக்கிறது; நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

இதோடு போயிருந்தால் வெறும் மனக்குறையாகப் போயிருக்கும். பழைய பிழைவரம்பைத் திரும்ப வைத்து, எதிர்பார்க்கும் எண்ணைப் புதிய மாறிலிகளிலிருந்து கணக்கிட்டு எழுதி, சோதனையை ஓட்டினேன். அப்போதும் தேறவில்லை. தேடிப் பார்த்தால், 2021இல் நானே புதிதாகச் சேர்த்த ஒரு நிரல் பாதையில் இயல்பு வெப்பநிலையை 298.15 கெல்வின் என்பதற்குப் பதில் 298 என்று எழுதியிருக்கிறேன். 25.693 மில்லிவோல்ட் வர வேண்டிய இடத்தில் 25.680 வந்துகொண்டிருந்தது. பத்தாயிரத்தில் ஐந்து பங்கு. ஆயிரத்தில் ஒன்று என்று நான் திறந்துவிட்ட வாசல் வழியாக அது தாராளமாக நுழைந்து மூன்றாண்டுகள் குடியிருந்திருக்கிறது. பொன் நிறுக்கும் தராசில் நெல் மூட்டைக்குரிய தாராளத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வெளியான பதிப்புகளில் எவையெவை பாதிக்கப்பட்டன என்று பட்டியலிட்டு, வெளியீட்டுக் குறிப்பில் முதல் பத்தியாக எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பிழைவரம்பையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அதுவும் அறியாமைதான். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சுழல் வோல்ட்டாமெட்ரியின் உச்சத்துக்கு நாம் ஒப்பிடும் 0.4463 என்ற எண், நிக்கல்சனும் ஷெயினும் 1964இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வழிவழியாக வருவது. அதை நான்கு இலக்கத்துக்கு மேல் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரே கூட்டலை வேறு வரிசையில் கூட்டினாலும், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் செய்யும் செயலியில் ஓட்டினாலும், பதினாறாவது இலக்கத்தருகே எண் அசையத்தான் செய்யும், அது பிழையன்று. பூச்சியத்தோடு ஒப்பிடும்போது விகிதப் பிழைவரம்பு எதற்கும் உதவாது, தனிப் பிழைவரம்பு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே இப்போது ஒவ்வொரு வரம்பின் அருகிலும், அது ஏன் அவ்வளவு என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். அந்த வரியை எழுத முடியாவிட்டால் வரம்பை மாற்றுவதில்லை.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய சோதனைகளின் மேல் எனக்குப் பற்று கூடிவிட்டது. கரைசலின் தடை 20 ஓம், அதோடு தொடராக, 100 ஓம் தடையும் 20 மைக்ரோஃபாரட் தேக்கமும் பக்கச்சுற்றில். வினாடிக்கு 500 ரேடியன் கோண அதிர்வெண்ணில், மின்மறுப்பு வரைபடத்தில் வரும் அரைவட்டத்தின் உச்சி. மெய்ப்பகுதி 70, கற்பனைப் பகுதி எதிர்க்குறியோடு 50. புதிதாகச் சேரும் மாணவர் தாளில் மூன்று வரியில் இதைச் சரிபார்த்துவிடலாம். நிரல் என்ன சொல்கிறதோ அதையே எதிர்பார்க்கும் விடையாக ஒட்டிவைத்த சோதனைகளில் அந்த நிம்மதி கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவை நம்மிடம் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவை சிறு வேலைகள். ஜூனில் வந்த நம்பை 2.0 எண்களை அவற்றின் வகைப் பெயரோடு சேர்த்து அச்சிடுவதால் ஆவண எடுத்துக்காட்டுகள் பல தேறாமல் போயின, திருத்திவிட்டேன். வழக்கொழியப் போகும் அழைப்புகளைப் பற்றிய எச்சரிக்கைகள் இனிப் பிழையாகவே கொள்ளப்படும். வாரம் ஒருமுறை, இன்னும் வெளிவராத நம்பையோடும் சைபையோடும் சோதனைகள் தாமாகவே ஓடும்; அடுத்த மாற்றம் மாணவரைத் தாக்குமுன் நம்மை வந்து எழுப்பட்டும்.

இனி என் கேள்வி. பட்டியலில் விட்டுப்போயிற்று என்றேனே, அந்த வார்பர்க் சோதனை: வரம்புள்ள பரவலுக்கு நீ மூன்று அதிர்வெண்களில் மூன்று எண்களை எழுதியிருக்கிறாய். அதில் வரும் டான்எச் (tanh) சார்பை, வேண்டிய அளவு இலக்கங்களில் கணக்கிடும் எம்பிமேத் நூலகத்தில் ஐம்பது இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டு ஒப்பிட்டேன். முதலாவதும் மூன்றாவதும் பதினைந்து இலக்கம் வரை பொருந்துகின்றன. நடுவில் உள்ளது ஐந்தாவது இலக்கத்தில் வேறுபடுகிறது. எம்பிமேத் தரும் எண்ணை எழுதிவிட்டால் ஒரு நொடியில் பச்சையாகிவிடும். ஆனால் அப்படி ஒருமுறை செய்துதான் ஐந்தாண்டுகளைத் தொலைத்தேன். அந்த எண்ணைக் கணக்கிட்டு எழுதினாயா, அல்லது ஆய்வகத்தில் அளந்த மின்கலம் ஒன்றிலிருந்து எடுத்தாயா? அளந்தது என்றால், அடுக்கின் தடிமனை அந்த இடத்தில் நீ வேறு விதமாகக் கொண்டிருக்கலாம். அப்படியானால் திருத்த வேண்டியது எண்ணா, சார்பா என்று பார்க்க வேண்டும். நீ இங்கே விட்டுச்சென்ற நீல அட்டைக் குறிப்பேட்டைப் பட்டாலை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன்; அந்தப் பக்கத்தில் மூன்று எண்களும் இருக்கின்றன, நடுவிலுள்ளதன் கீழே மட்டும் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறாய், காரணம் எழுதவில்லை.

அந்தச் சோதனையைத் தேறாது என்று எதிர்பார்க்கப்படும் ஒன்றாகக் குறித்து, காரணத்தையும் அருகில் எழுதிவைத்திருக்கிறேன். கண்டிப்பான முறையில் குறித்திருப்பதால், எவராவது எதையாவது மாற்றி அது தற்செயலாகத் தேறிவிட்டாலும் பைடெஸ்ட் அதைப் பிழை என்றே அறிவிக்கும். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தைக்கு ஊருக்கு வரும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போடாதே. நினைவு வந்த அன்றே இரண்டு வரி எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்