ஒரே ஆபரேஷனில் முடிந்துவிட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதட்டுப் பிளவுடன் பிறந்த குழந்தையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு மணி நேர ஆபரேஷனில் குழந்தை முழுசாகக் குணமாகி வீடு திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். என் மகளுக்கும் அதே பிளவுதான், வாயின் மேற்கூரையான அண்ணத்தையும் சேர்த்து. அவள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். எங்களுக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. உதட்டை 3 முதல் 6 மாதத்துக்குள் தைப்பார்கள், அண்ணத்தை ஒரு வயதை ஒட்டி மூடுவார்கள். அதுவரை குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்க வராது. பாலாடையில் புகட்டினாலும் பால் மூக்கு வழியே வரும். நடுக்காதில் நீர் கோத்துக் காது மந்தமாகும். பேச்சு மூக்கில் வரும், அதற்குப் பயிற்சி. 8 வயதுக்கு மேல், கோரைப்பல் இறங்குவதற்குள், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து ஈறுப் பிளவில் வைப்பார்கள். அப்புறம் பல்லுக்குக் கம்பி. மேல்தாடை வளராமல் உள்வாங்கியிருந்தால், வளர்ச்சி நின்ற பிறகு தாடையில் ஒரு ஆபரேஷன். நாங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

உங்கள் கட்டுரை முதல் படியோடு நின்றுவிட்டது. இப்படிப் படித்துப் படித்துத்தான் சொந்தக்காரர்கள், "அதான் சின்ன வயசுலேயே சரி பண்ணியாச்சே" என்கிறார்கள். காப்பீட்டு கவுன்ட்டரில் இருந்தவர், கம்பி போடுவது அழகுக்குத்தானேம்மா என்றார். பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். உதட்டைத் தைத்ததும் குணமாகிவிட்டது என்று ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். அண்ணம் அப்படியே திறந்து கிடந்தது. அவன் பேசுவது அவன் அம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிரகணம் வந்தால் கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்று உங்கள் ஜோதிடப் பக்கத்தில் தவறாமல் போடுகிறீர்கள். என் மாமியார் அதைக் கத்தரித்தே வைத்திருந்தார், கிரகணத்தால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று எனக்குக் காட்டுவதற்கு. மேலுதடு கூடுவது கருவின் 6, 7 வாரங்களில். நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் எனக்குத் தெரியும். முன் பக்கத்தில் மருத்துவம், பின் பக்கத்தில் கிரகணம், நடுவில் மூக்கால் பேசும் காமெடிக்குச் சினிமா விமர்சனத்தில் பாராட்டு. நடத்துங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. எந்த வயதில் என்ன சிகிச்சை என்று நாலு வரி. மத்திய அரசு 2013-இல் கொண்டுவந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உதவி உண்டு, உதடு, அண்ணப் பிளவும் அதில் சேர்ந்தவை, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம் என்று இரண்டு வரி. ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்
(என் பெயரைப் போட வேண்டாம். மகள் பள்ளிக்கூடத்தில் உங்கள் பத்திரிகை வாங்குகிறார்கள்.)