ஆயாவின் சர்க்கரைத் தீவு

அன்புள்ள குண்டூசிக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது நான் பெருக்காமல் விட்ட மூலையெல்லாம் அவருக்குத் தெரிகிறது. பாரீஸ் குளிர் வழக்கம் போலத்தான். வீட்டுச் சேதி அவ்வளவே.

போன மாதம் மார்த்தினிக் போய்வந்தோம். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு, நம் சிநேகிதன் ஒட்டகம் பெண் எடுத்த இடம். எத்தனை வருஷமாகக் கூப்பிடுகிறேன் என்று அவன் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், வேறு வழியில்லை. ஒட்டகம் அங்கேயும் அரைக்கால் சட்டைதான். முழங்கால் அப்படியே இருக்கிறது, நீ கேட்பாய் என்று தெரியும்.

ஒரு நாள் சும்மா ஊர் சுற்றலாம் என்று ஆறு பேர் இரண்டு காரில் சேன் பியேர் கிளம்பினோம். தலைநகர் ஃபோர் து ஃபிரான்ஸிலிருந்து ஒரு மணி நேரம், கடலை ஒட்டியே சாலை. வழியில் கார்பே என்ற ஊர். 1502இல் கொலம்பஸ் இறங்கியது இங்கேதான் என்றாள் ஒட்டகத்தின் மனைவி. "அதற்கப்புறம்தான் எங்களுக்குக் கஷ்டகாலம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சேன் பியேர் சின்ன ஊர், நாலாயிரம் பேர் இருந்தால் அதிகம். மணல் கறுப்பு, எரிமலைச் சாம்பல் நிறம். தலைக்கு மேலே பெலே மலை, உச்சியை மேகத்துக்குள் ஒளித்துக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறது. 1902 மே 8ஆம் தேதி காலை எட்டு மணி சுமாருக்கு அதிலிருந்து புறப்பட்ட நெருப்பு மேகம், சில நிமிஷத்தில் ஊரையே முடித்துவிட்டது. ஏறக்குறைய 28,000 பேர். மலை பல நாளாகப் புகைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சுற்றுத் தேர்தல். ஆபத்தில்லை என்று ஒரு குழு சொல்லிவிட்டது. ஜனங்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கவர்னரே மனைவியோடு வந்து தங்கினார், அவர்களும் செத்துப்போனார்கள். தேர்தல் முடியும்வரை எரிமலை பொறுத்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள் போல.

நாடக அரங்கு இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் கல் படிக்கட்டு மட்டும் மிச்சம். ஏறினால் மேலே ஆகாயம்தான். அதன் பக்கத்துச் சரிவில் ஒரு கல் கொட்டடி. அடிதடிக்காக உள்ளே போட்டிருந்த சிபாரி என்ற கைதி, சுவர் தடியாக இருந்ததால் தீக்காயத்தோடு பிழைத்தான். நாலு நாள் கழித்துத் தோண்டி எடுத்தார்களாம். அப்புறம் அமெரிக்க சர்க்கஸில் அவனைக் காட்டிக் காசு பார்த்தார்கள். நான் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். நம் வீட்டு ஸ்டோர் ரூமைவிடச் சின்னது, ஈர வாடை. ஒட்டகம் நுழைய முடியவில்லை.

மத்தியானம் ஒரு கடையில் ஒரு மணிக்கு உட்கார்ந்தோம், மூன்றுக்குத் தட்டு வந்தது. பெயரெல்லாம் வேண்டாம். ஆனால் வந்தது ஆட்டுக் கொலொம்போ, அந்தத் தீவின் மசாலாக் கறி. மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு எல்லாம் உண்டு, மிளகாய்தான் பயந்து பயந்து போட்டிருக்கிறார்கள். குழம்புதான் கொலொம்போ ஆனது என்கிறான் ஒட்டகம். இல்லை, இலங்கைக் கொழும்பு என்கிறாள் அவன் மனைவி. சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை.

இனிமேல்தான் விஷயம். காலையில் கடற்கரைச் சந்தையில் ஒரு கிழவி இலைக்கொத்து வைத்திருந்தாள். தலையில் மெட்ராஸ் துணிக் கட்டு, நம் கட்டம் போட்ட கைலித் துணியேதான். இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டேன். "வெப்பெலே" என்றாள். எனக்குக் காது சரியில்லையோ என்று மறுபடி கேட்டேன். "வெப்பெலே, வெப்பெலே" என்று ஒரு ஈர்க்கை ஒடித்து என் மூக்கருகில் நீட்டினாள். வேப்பிலை, டி! அவளுக்கு வேறு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. வடக்கே பாஸ் புவாந்த்தில் கோயில் இருக்கிறது, மாரியம்மாவுக்கு வேண்டும் என்றாள். அவள் சொன்னது 'மாலியெமென்' மாதிரி கேட்டது. தப்பு வாத்தியம் அங்கே 'தப்பூ', மதுரை வீரன் 'மால்தேவிலன்'.

ஒட்டகத்தின் மனைவி அப்புறம் சொன்னாள். 1848இல் அடிமைத்தனம் ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் இல்லை. 1853 மே 6ஆம் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் 313 பேரை இதே சேன் பியேரில் கொண்டுவந்து இறக்கியது. எங்கிருந்து தெரியுமா? நம் புதுச்சேரியிலிருந்து. நீயும் நானும் சுண்டல் தின்ற கடற்கரை. அடுத்த முப்பது வருஷத்தில் இருபத்தைந்தாயிரம் பேர்வரை வந்தார்கள், ஐந்து வருஷ ஒப்பந்தம். நிறையப் பேர் திரும்பவே இல்லை. முதல் கப்பல் வந்து 49 வருஷமும் இரண்டு நாளும் கழித்து மலை வெடித்திருக்கிறது. அன்று ஊரில் இருந்தவர்களில் நம்மவர் எத்தனை பேரோ என்று யோசித்தேன், கையில் இருந்த அந்த ஈர்க்கை அப்படியே மோந்துகொண்டு நின்றேன்.

அப்போதுதான் உங்கள் ஆயா ஞாபகம் வந்தது. அதன் தாத்தாவுடைய தம்பி கப்பலேறி 'சர்க்கரைத் தீவுக்கு'ப் போனதாகச் சொல்லுமே? நாம் இரண்டு பேரும் "எறும்பு தின்றிருக்கும், ஆயா" என்று சிரித்துச் சிரித்து உருண்டோமே. ஆயாவும் சிரித்தது, ஆனால் அதற்கப்புறம் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் மார்த்தினிக்தான் போனாரோ, இல்லை ரியூனியன், குவாதலூப் என்ற மற்ற பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனாரோ, எனக்குத் தெரியாது. இங்கே பிரான்சின் தெற்கே எக்ஸான் ப்ரோவான்ஸ் என்ற ஊரில் பழைய காலனி ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றன, பாரீஸிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம்தான். நான் போய்த் தேடுகிறேன். எனக்கு வேண்டியது அவர் பேர், அப்பா பேர், எந்த ஊரிலிருந்து போனார், ஏறக்குறைய எப்போது. ஆயாவுக்கு 91 ஆகிறது என்றாயே, இந்த வாரமே கேள். சாயங்காலம் கேட்காதே, பாதியில் தூங்கிவிடும். காலையில் காபி கொடுத்துவிட்டுக் கேள். தயவுசெய்து எறும்பிலிருந்து ஆரம்பிக்காதே.

உன்,
ஓட்டைவாய்